யாரையும் தொலைக்கத் தெரியாத பேய்

அமலிக்குப் பேய் செய்யத் தெரியும். முறுக்கு பிழிவது போல, பூ கட்டுவது போல அதுவும் அவளுக்குக் கைவந்த வேலை.

வயது நாற்பத்தாறு. கிளியூர் போகிற பாதையில் இருக்கும் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட்டதில்லை. இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை, அதற்குள் செபமாலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தாள். எழுதத் தெரியும், ஆனால் தேர் இழுக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத்தான் நகரும். அந்தக் கையெழுத்தில்தான், மாதா திருவிழா அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில், அவளுடைய பேய் குடியிருந்தது.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஆறு பேர் வந்து தங்கினார்கள். ஏரிக்குப் போகவில்லை, படகில் ஏறவில்லை. இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். சீட்டாட்டமாக இருக்கும் என்று அமலி நினைத்தாள். எட்டிப் பார்த்தால் சீட்டே இல்லை. ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போனார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் இருக்கிற ஆட்களாகவே மாறி, "நான் கதவைத் திறக்கறேன்", "நான் திறக்க மாட்டேன், ஓடறேன்" என்று வாயாலேயே நடந்தார்கள், வாயாலேயே ஒளிந்தார்கள். நினைத்தது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பல முகம் உள்ள ஒரு பகடையை உருட்டினார்கள். பாழடைந்த பங்களா, பனி, ஒரு பேய். அமலி பஜ்ஜித் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டே இருந்ததில் பஜ்ஜி ஆறிப் போயிற்று.

கதை சொன்னவர், பனி கதவிடுக்கில் புகை மாதிரி நுழைந்தது என்றபோதுதான் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏனுங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. பனி அப்பிடி வராதுங்க. மொதல்ல சத்தம் போயிருமுங்க. குருவி நிக்கும். அப்புறம் பக்கத்துல இருக்கற மரம் தூரமாப் போயிரும். கடைசியாத்தானுங்க மூஞ்சில ஈரம் படும்."

கதை சொன்னவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். பிறகு ஒருவர் எழுந்து அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். ஹோம்ஸ்டே முதலாளி சசிகலாம்மாவுக்கும் இது பிடித்துப்போய், மழைக் காலத்திலும் ஆள் வருகிறதே என்று அப்படிப்பட்டவர்களையே கூப்பிட ஆரம்பித்தார். அமலி நூறு மேசைக்காவது டீ கொடுத்திருப்பாள். டீ கொடுத்துக்கொண்டே கற்றுக்கொண்டாள். பிறகு அவளே ஒரு ஆட்டம் செய்தாள். அதற்குக் 'குரல் கொடு' என்று பேர் வைத்தாள்.

ஆட்டம் எங்கிருந்தும் வரவில்லை, அவள் பதினாலு வயதிலிருந்து பழம் பறித்த காப்பி எஸ்டேட்டிலிருந்து வந்தது. அங்கே ஒருத்திக்கு ஒரு நெரை, அதாவது செடிகளின் ஒரு வரிசை. பனி இறங்கிவிட்டால் பக்கத்து நெரையில் இருப்பவள் தெரிய மாட்டாள். அதனால் மேஸ்திரி பாதையில் நின்றுகொண்டு, "குரல் கொடு!" என்று கத்துவார். முதல் நெரைக்காரி "ஒண்ணு" என்பாள், அடுத்தவள் "ரெண்டு". ஏழு வரைக்கும் வந்துவிட்டால் ஆள் முழுசு. அமலியின் ஆட்டத்திலும் ஏழு பேர், ஏழு நெரை, ஒரு பனி. அந்தப் பனிக்குள் இவர்களோடு சேர்ந்து 'அது' நடக்கிறது. 'அது' எப்படி இருக்கும் என்று அமலி ஒருநாளும் சொன்னதில்லை.

பகடைக்குப் பதில் ஐந்து காப்பிக்கொட்டை. உருட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். வளைந்த முதுகு மேலே தெரிந்தால் வழி, தட்டைப் பக்கம் மேலே தெரிந்தால் பனி. மூன்று பனி விழுந்தால் ஆள் வழி தவறிவிடும். வழி தவறியவர் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கு மேலும் ஒருதரம் மூன்று பனி விழுந்தால் திரும்பி வர மாட்டார். அழைப்பிதழ்களின் பின்பக்கம் அவள் எழுதிய ஆட்டச் சீட்டில் அப்படித்தான் இருந்தது.

இதெல்லாம் பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேவிட்டாள். "என்ன ஆட்டம் அது?" என்றார் பங்குச் சாமியார். அமலி முழங்காலில் இருந்தபடியே ஏழு பெண்கள் பனிக்குள் போன கதையை ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, "பாவந்தானுங்களே சாமி?" என்றாள். உள்ளேயிருந்து, "அப்புறம் என்னாச்சு?" என்று குரல் வந்தது. பிராயச்சித்தமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். அதுவும் பின்னால் வரிசையில் நின்றவர்களைக் காக்க வைத்ததற்காக.

அக்டோபரில் கோயம்புத்தூரிலிருந்து கீர்த்திகா வந்தாள். மேசை விளையாட்டுகளைப் பெட்டியில் போட்டு அச்சடித்து விற்கிறவள். முப்பது வயதிருக்கும், முகத்துக்கு நேரே பேசுகிறவள். ஒரு மத்தியானம் முழுக்க 'குரல் கொடு' ஆடிவிட்டு அமலியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அமலிக்கா, அந்தப் பனி இருக்குதே, அருமைங்க்கா. மொத முக்கா மணி நேரம் எனக்குக் கை சில்லுனு ஆயிருச்சு. அப்புறம் பயமே போயிருச்சு. ஏன் தெரியுமா? உங்க பேய் யாரையும் எடுக்கறதே இல்ல."

"எடுக்கறதுக்குக் கொட்டை விழோணுமுங்களே கண்ணு."

"விழவே மாட்டேங்குதே! போனவங்க எல்லாருமே திரும்பி வந்துட்டா அது பிக்னிக்குங்க்கா. டிசம்பர் மொத சனிக்கெழம மூணு பேரக் கூட்டிட்டு மறுபடி வர்றேன். அதுக்குள்ள பேய்க்குப் பல்லு மொளச்சிருந்தா, பெட்டி மேல உங்க பேர் போட்டு அடிக்கிறேன். இல்லைன்னாலும் விட மாட்டேன், சின்னப் பசங்க ஆட்டமா அடிப்பேன். மேல முயல் படம் போட்டு."

முயல் படம்! அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் அமலி அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். கணவர் அருள்சாமி மிளகுக்கொடி ஏறுகிறவர், அதிகம் பேச மாட்டார். "முயலும் நல்லாத்தான இருக்கும்," என்றார். அதற்கு மேல் அவருக்கு ரசம் கிடைக்கவில்லை.

மறுநாள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ராசம்மாள் கொட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ராசம்மாள் கிளியூர்க்காரி. இரண்டு பேரும் ஒரே எஸ்டேட்டில் பழம் பறித்தவர்கள். இப்போது சனி ஞாயிறுகளில் காய் நறுக்க இங்கே வருகிறாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். நடை மெதுவாக இருந்தாலும் வாய்க்கு மெது என்பதே கிடையாது.

"ஏம்புள்ள அமலி, இந்த அஞ்சுல மூணு பீபரி கெடக்குது?"

காப்பிப் பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒற்றையாக உருண்டு விளைகிறதே, அதுதான் பீபரி. அதற்குத் தட்டைப் பக்கமே கிடையாது. எப்படிப் போட்டாலும் முதுகுதான் தெரியும். கீழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது. மலைக்காரி கண்ணுக்குத் தப்புமா?

"தெரியாமக் கலந்திருக்கும்," என்றாள் அமலி.

"இருவது வருசம் கொட்டை பொறுக்குனவளுக்குத் தெரியாமக் கலந்துச்சாமா! அடி கள்ளி, எல்வின் பனிக்குள்ள மாட்டுனப்ப நீ சுருக்குப்பைக்குள்ள கைய உட்டதப் பாத்தேன். இந்தப் புண்ணியவதி அவனுக்காகச் செபமாலை உருட்டறாளாக்கும்னு நெனச்சேன். பீபரிய மாத்தியிருக்கறே!"

எல்வின் ஹோம்ஸ்டேயின் மேனேஜர். சேலத்திலிருந்து வந்த கலகலப்பான ஆள்.

"பாவம் புள்ள. அவங்கம்மாளுக்கு ஒரே பையன்."

"வெளையாட்டுல போற ஆளுக்கு ஏதுடி அம்மா?"

ராசம்மாள் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அமலியும் சிரித்தாள். ஆனால் அவளுக்குள் ஒன்று சிரிக்கவில்லை. 'ஆள் திரும்பி வரவில்லை' என்ற சொல் அவள் வாயில் வராது. அதற்குக் காரணமும் எதிரே உட்கார்ந்துதான் சிரித்துக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு டிசம்பர். அமலி ஆறாம் நெரை, ராசம்மாள் ஏழு. ராசம்மாளுக்குக் கைக்குழந்தை, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். மத்தியானத்தில் மேஸ்திரிக்குத் தெரியாமல் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். இப்படி ஒருத்தி போனால் பக்கத்து நெரைக்காரி அவளுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பது எஸ்டேட்டில் எல்லாரும் செய்கிற உபகாரம். அன்றைக்கும் பனி. "குரல் கொடு!" வந்தது. அமலி "ஆறு" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பி, ராசம்மாளின் கரகரத்த இழுப்பைத் தொண்டையில் கொண்டு வந்து, "ஏ...ழு" என்றாள். ஒருமணி நேரம் கழித்து மறுபடியும். அதற்கும் அடுத்த மணியில் மறுபடியும். குழந்தைக்குக் காய்ச்சலோ என்னவோ, தாமதிக்கிறாள் என்று நினைத்தாள். வேலை முடிந்து கூடைகளை இறக்கும்போதுதான் ஏழாம் நெரையில் ஆள் இல்லை என்று தெரிந்தது. பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள் பனியில் பாதை தவறி, பழைய எருக்குழிக்குள் விழுந்து, கணுக்கால் ஒடிந்து மூன்று மணி நேரம் கிடந்திருக்கிறாள். ஆள் முழுசாக இருக்கும்போது யார் தேடுவார்கள்?

அமலி இதை ராசம்மாளிடம் சொல்லவே இல்லை. முதலில் கால் கூடட்டும் என்று இருந்தாள். கால் கோணலாகக் கூடியது. அதன்பிறகு எப்படிச் சொல்வது? ஆண்டவரிடம் சொல்லிவிட்டாள், சாமியாரிடம் சொல்லிவிட்டாள். தினமும் தோளோடு தோள் நடக்கிறவளிடம் மட்டும் சொல்லவில்லை.

நவம்பர் முழுக்கப் பேய்க்குப் பல் முளைக்க வைக்கப் பாடுபட்டாள். நகம் வைத்துப் பார்த்தாள். எல்வின், "அக்கா, இது எங்க ஹெச்.எம். மாதிரி இருக்குது," என்றான். ரத்தம் வைத்தாள். அருள்சாமி கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். சங்கிலிச் சத்தம் வைத்ததில் சசிகலாம்மாவுக்கு நாயை அவிழ்த்துவிட ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

ஒரு விடியற்காலைச் செபத்தில் அவளுக்கே வெளிச்சமாகிவிட்டது. இதெல்லாம் யார் யாருடைய பயமோ. இரவல் பயம். அவளுக்குச் சொந்தமாக ஒரே ஒரு பயம்தான் இருக்கிறது, அதை ஒளித்து வைத்துக்கொண்டு மற்ற இடமெல்லாம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அன்று சாயந்திரம் முழுக்க உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினாள். 'வழி தவறினவருக்குப் பதிலாக நீங்கள் குரல் கொடுக்கலாம். மேஸ்திரி திட்ட மாட்டார். ஆள் முழுசு என்று எல்லாரும் நம்புவார்கள். யாரும் தேடப் போகக் கூடாது.' எழுதி முடித்து மாதா சுரூபத்தின் அடியில் வைத்தாள்.

இதை ஆட்டத்தில் சேர்த்தால் ராசம்மாளுக்குத் தெரிந்துபோகும். காலை இழுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் இனி அமலி நினைவுக்கு வருவாள். சேர்க்காவிட்டால் முயல்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேசையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்தார்கள். எல்வின் ஒண்ணு, துண்டை முக்காடு போட்டுக்கொண்டு பழம் பறிக்கிற பெண்ணாகவே வந்திருந்தான். சசிகலாம்மா ரெண்டு. கீர்த்திகாவின் நண்பர்கள் மூணு, நாலு, அஞ்சு. கீர்த்திகா ஆறு. ஏழு என் நம்பர், அதை வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று ராசம்மாள் முன்னாடியே சொல்லிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பனி சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது.

"லைட்ட அணைச்சிரலாமா அக்கா?" என்றாள் கீர்த்திகா.

"வேண்டாங்க கண்ணு. இருட்டுல ஆரு வேணாலும் பயமுறுத்துவாங்க. லைட்டு எரியறப்பவே வந்தாத்தான் அது நம்ம பயம்."

அமலி சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லாருக்கும் டீயும் ஆளுக்குக் கொஞ்சம் சீட்டுகளும் வந்தன, மாதா சுரூபத்தின் அடியில் இருந்த சீட்டும் அவற்றோடு கலந்திருந்தது. சுருக்குப்பையிலிருந்து ஐந்து கொட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஐந்தும் தட்டைக் கொட்டை. ராசம்மாள் ஒரு கண் பார்த்துவிட்டு, "அட!" என்றாள்.

ஆட்டம் நடந்தது. குருவிகள் நின்றன. மரம் தூரமாயிற்று. இரண்டு மணி நேரத்தில் மேஸ்திரி இரண்டு முறை கூப்பிட்டார், ஏழு குரலும் வந்தது. பிறகு ராசம்மாள் குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தன் ஆளை நெரையை விட்டு இறக்கினாள். அமலி இதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லையே. கொட்டை உருண்டது. மூன்று பனி.

"ஏழு வழி தவறிட்டா," என்றாள் அமலி. "இனிப் பேசக் கூடாது."

"நானா!" என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்வின் கைதட்டினான். அந்த வீட்டில் ராசம்மாள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

"குரல் கொடு!" என்றாள் அமலி மேஸ்திரியாக. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. கீர்த்திகா ஆறு சொல்லிவிட்டு, கையிலிருந்த சீட்டுகளைப் புரட்டினாள். அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. "பாவம், மேஸ்திரிகிட்ட மாட்ட வேண்டாம்," என்று ஒரு அழைப்பிதழை மேசையில் போட்டாள். ராசம்மாளின் கரகரப்பை அப்படியே பிடித்து, "ஏ...ழு!" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ராசம்மாள் சிரிக்கவில்லை. கையில் இருந்த டீ கிளாஸை மேசையில் வைத்தாள்.

"நிறுத்துங்க சாமி," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இத ஆரு சொல்லிக் குடுத்தாங்க?"

"சீட்டுல இருந்துதுங்க," என்றாள் கீர்த்திகா பயந்துபோய்.

ராசம்மாள் யாரையும் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். "நான் ஒருக்கா குழிக்குள்ள உழுந்து கெடந்தனுங்க. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. என் சத்தம் மேல போகல, ஆனா மேல இருக்கற சத்தம் மட்டும் நல்லாக் கேக்குது. மேஸ்திரி குரல் கேட்டாரு. ஒண்ணு, ரெண்டுன்னு ஆறு வரைக்கும் வந்துச்சு. செரி, ஏழு வராது, தேடி வந்துருவாங்கன்னு மூச்சப் புடிச்சுட்டிருந்தேன். 'ஏழு'ன்னு ஒரு குரல் வந்துச்சுங்க. என்ற குரலு. நான் இங்க குழிக்குள்ள கெடக்கறேன், நானே அங்க நின்னு பழம் பறிக்கறேன். அப்ப இங்க கெடக்கறது ஆரு? மூணு தடவ வந்துச்சு. அது வேல முடிஞ்சு என்ற ஊட்டுக்குப் போயி, என்ற புள்ளையத் தூக்கிப் பால் குடுத்துருமோன்னுதான் எனக்கு நொம்பப் பயமா இருந்துச்சு. கால் வலியே தெரியல."

எல்வின் முக்காட்டை எடுத்துவிட்டான்.

"ராசு," என்றாள் அமலி. "அது நாந்தான் புள்ள."

"எது?"

"அந்தக் குரல். நீ புள்ளைக்குப் பால் குடுத்துட்டிருக்கறன்னு நெனச்சு, மேஸ்திரி வையாம இருக்கட்டும்னு உனக்கும் சேத்துக் குடுத்தேன். மூணு தடவையும் நாந்தான். வாய மூடிட்டு இருந்திருந்தா மொதத் தடவையே தேடி வந்திருப்பாங்க. உன்ற காலு..."

ராசம்மாள் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வை முடிகிறதற்குள் அமலி மனதுக்குள் ஒரு முழு அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்துவிட்டாள்.

"காலு கெடக்குது!" என்று மேசையில் ஓங்கி அடித்தாள் ராசம்மாள். "கால் அது பாட்டுக்கு அன்னிக்கே ஒடஞ்சது. அடியே, வருசா வருசம் சேர்வராயன் கோயிலுக்குப் போயி, அந்தக் குரல எங்கிட்ட அண்ட உடாதப்பான்னு தேங்கா ஒடச்சுட்டு வர்றேன்! இருவத்திரெண்டு தேங்கா! எந்தக் குரல அண்ட உடாதன்னு வேண்டுனனோ அது எங்கூடவே ஒக்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருக்குது!"

"நீ ஏன் புள்ள சொல்லல?"

"சொன்னாப் பேய் புடிச்சிருக்குன்னு வேப்பந்தழையால அடிப்பாங்க. எங்கூட்டுக்காரர்கிட்ட கூடச் சொல்லல. நீ ஏண்டி சொல்லல?"

"நீ பேச மாட்டயோன்னு பயம்."

"நானு? பேச மாட்டேனா?"

அதற்கு எல்வின்தான் முதலில் சிரித்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஒரே பயத்தை இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு போய்த் தனித்தனி வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். ஒரு மேசையில் கொண்டு வந்து சேர்த்து வைத்த பிறகுதான் அதன் அளவு தெரிந்தது.

ராசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க, அதே மாதிரி இன்னொருக்கா சொல்லு."

அமலி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொண்டையைக் கொஞ்சம் இறுக்கி, "ஏ...ழு," என்றாள்.

கீர்த்திகா செய்தது விளையாட்டு. இது அப்படி இல்லை. ராசம்மாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் குரல் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சசிகலாம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். ராசம்மாள் தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"நல்லாத்தாண்டி சொல்றே, எருமை. செரி, கொட்டையக் குடு. ஆட்டம் முடியல."

"போதும் புள்ள. நிறுத்திக்கலாம்."

"முயல் படம் போட்டுருவாங்க. குடுங்கறேன்."

ராசம்மாளே கொட்டைகளைக் குலுக்கி உருட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு பனி. ஐந்தாவது மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அமலியின் கை தன்னையறியாமல் சுருக்குப்பைக்குப் போயிற்று.

"கைய வெளிய எடு," என்றாள் ராசம்மாள்.

அமலி எடுத்தாள். சுருக்குப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். செபமாலையோடு பத்துப் பதினைந்து பீபரி மேசையில் உருண்டோடின. கீர்த்திகா ஒன்றைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"ஏழு," என்றாள் அமலி. "ஏழு திரும்பி வரலீங்க."

"நான் தேடிப் போறேன்!" என்று கீர்த்திகா எழுந்தே நின்றுவிட்டாள்.

"முடியாதுங்க கண்ணு. ஆள் முழுசா இருக்குதே. நீங்கதான குரல் குடுத்தீங்க."

"நான் நல்லதுக்குத்தானே அக்கா குடுத்தேன்..."

"நானும் நல்லதுக்குத்தானுங்க குடுத்தேன்."

வெளியே ஆறு மணிக் கோயில் மணி அடித்தது. கீர்த்திகாவின் நண்பர் ஒருவர் மெல்ல எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் யாரும் அவரவர் அறைக்குப் போகவில்லை. கீர்த்திகா பாத்ரூமுக்குப் போகவேண்டும் என்று சொல்லி, அமலியைக் கூடத்தில் நிற்க வைத்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து, "அக்கா, இருக்கீங்களா?" என்றாள். "இருக்கறனுங்க." கொஞ்சம் கழித்து, "நீங்கதானா அக்கா?" அமலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்தவள், "முயல் வேண்டாங்க்கா," என்றாள். "பெட்டி மேல ஒண்ணுமே வேண்டாம். வெறும் வெள்ளை. கீழ உங்க பேர்." பிறகு கேட்டாள்: "இவ்வளவு செபம் பண்றீங்க, உங்களுக்கு எதுக்குங்க்கா பேயி?"

"பயம் எதுன்னு தெரியாம, எதுல இருந்து காப்பாத்தச் சொல்லிங்க கண்ணு செபம் பண்றது?" என்றாள் அமலி. "அதுவுமில்லாம, தனியா பயந்தா அது நம்மளத் தின்னுருமுங்க. ஏழு பேரா ஒக்காந்து பயந்தா டீயாவது குடிக்கலாம்."

ராசம்மாள் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. திரும்பி வராதவள் பேசக் கூடாது என்பதில் கறாராக இருந்தாள். பஜ்ஜி வேண்டுமா என்றால் இரண்டு விரலைக் காட்டினாள். சட்னிக்குப் புருவத்தைத் தூக்கினாள். எல்வின், "இந்த ரூல மாத்தாதீங்க்கா, தெனமும் ஆடலாம்," என்றதற்கு மட்டும் அவன் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

ஆறரைக்கு இரண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாசலைத் தாண்டியதும் ராசம்மாளின் வாய் திறந்துகொண்டது.

"வர்ற மே மாசம் திருவிழாவுக்கு நீயும் எங்கூட மலைக்கு வர்றே. தேங்காக் கூடைய நீதான் தூக்கறே. அந்த வேண்டுதல முடிச்சு உடோணும்."

"தூக்கறேன்."

"ஒடைக்கறதும் நீதான்."

"செரி, ஒடைக்கறேன். உங்க சாமி என்னைய உள்ள உடுவாரா?"

"என்ற குரல்ல கூப்புடு, உடுவாரு."

கிளியூர் பாதையில் பனி நன்றாக இறங்கியிருந்தது. பஸ் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போயிற்று. அமலி கொஞ்சம் முன்னால் நடந்தாள். பின்னால் இழுத்து வைக்கிற அந்தக் கால் சத்தம் வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருடமும் அவள் காதில் விழாத மாதிரி நடந்த சத்தம். திடீரென்று அது நின்றுவிட்டது.

"ராசு?"

பதில் இல்லை. பக்கத்திலிருந்த மரம் தூரமாகப் போயிருந்தது. அமலி இடுப்பிலிருந்த சுருக்குப்பையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு!" என்று கத்தினாள்.

ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. பிறகு பனிக்குள்ளிருந்து கரகரவென்று வந்தது.

"ஏ...ழு!"

கூடவே அடக்க முடியாத ஒரு சிரிப்பும் வந்தது. "பயந்துட்டயா? பயந்துட்டே பாத்தியா!"

"பிசாசே," என்றாள் அமலி. ஆனாலும் அந்தக் குரலை நம்பி அப்படியே நடந்துவிடவில்லை. பத்தடி திரும்பிப் போய், ராசம்மாளின் கையைத் தொட்டுப் பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.